அடுத்தாள் இல்லாத கடை

சிவமயம்

நாட்டரசன்கோட்டை,
தை மாதம், 2026.

சிரஞ்சீவி பேத்திக்கு ஐயா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு யாவரும் க்ஷேமம். கண்ணாத்தாள் கிருபையால் அங்கு உன் க்ஷேமமும் அவ்வண்ணமே என்று எழுதிவிட்டு மேலே செல்வதுதான் முறை. ஆயினும் செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்திருந்த உன்னை நேரில் பார்த்த பின்னர் அப்படி எழுதக் கை ஓடவில்லை. கோயில் வாசலில் நம் குடும்பப் புள்ளிக்குரிய பானை பொங்கி வழிகையில், ஏதோ ஒரு சபைக்காரர் நாட்டியக் கச்சேரியின் நேரத்தை மாற்றிவிட்டார் என்று நீ தலையைக் குனிந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தாய். உன் அப்பத்தா குலவையிட்டது கூட உன் செவியில் விழவில்லை. கல்யாணத்தைப் பற்றி இக்கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகையால் எழுதவில்லை.

நீ நடத்தி வரும் நாட்டிய நாட்காட்டியை நான் அற்பமாக எண்ணுகிறவன் அல்லன். கொரோனாக் காலத்தில் மேடைகளெல்லாம் அடைபட்டு, 2020ஆம் ஆண்டு மார்கழி விழா வீட்டுத் திரைகளில் நடந்தபோது, எந்த ஆட்டத்தை எந்த இரவில் எங்கே காணலாம் என்று தோழிகளுக்காக நீ எழுதத் தொடங்கிய குறிப்பு, இன்று ஊர் பேர் தெரியாத எத்தனையோ ரசிகர்கள் காலையில் எழுந்ததும் பார்க்கும் ஒன்றாக வளர்ந்திருப்பதில் எனக்குப் பெருமையே அன்றிக் குறையில்லை. தினசரிகளில் 'இன்றைய நிகழ்ச்சி' என்று ஒரு பத்தி முழுக்க வந்த காலம் போய், அந்த இடத்தை விளம்பரங்கள் விழுங்கிவிட்ட இந்நாளில், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஒரே மாலையில் நான்கு இடங்களில் சலங்கை ஒலிக்க, சிறிய ஊரொன்றிலிருந்து வந்து பகல் இரண்டு மணிக்கு ஆடுகிற ஒரு பெண்ணின் பெயரை, பெரிய சபையில் மாலையில் ஆடுகிற பிரபலஸ்தரின் பெயருக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் நீ போடுகிறாய் என்பது சாமானியமான கைங்கரியம் அன்று. அந்தப் பகல் மேடைக்கு ஆடுகிறவளே பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயத்தை நீ அறிவாய். அதை இங்கே எழுதினால் வேறு கடிதமாகிவிடும்.

இந்த வேலையின் நுட்பமும் எனக்கு ஒருவாறு புரிகிறது. 1981இல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கிய போது அது ஒரு கோயிலின் விழா; இன்றோ தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை என்று அதே சிவராத்திரியை ஒட்டிய இரவுகளில் பல சந்நிதிகளில் ஆடுகிறார்கள்; ஓரிடத்தில் ஆடி முடித்த குழு, முகத்தில் பூசிய வர்ணத்தைக் கூடக் கலைக்காமல் வேன் ஏறி அடுத்த கோயிலுக்குப் போகிறது. சிவராத்திரியோ திதியைப் பொறுத்து வருவது. 2023இல் பிப்ரவரி 18, மறு வருஷம் மார்ச் 8, சென்ற வருஷம் பிப்ரவரி 26, இவ்வருஷம் பிப்ரவரி 15. சென்ற ஆண்டுத் தேதியைப் பார்த்து இந்த ஆண்டு விழாவைக் குறித்துவிட முடியாது. அப்படிக் குறித்த ஒரு தவறான தேதியை நம்பி ரயில் டிக்கெட் எடுத்தவர் உன்னைத்தான் நோவார். சிங்கப்பூரில் நடக்கும் அரங்கேற்றம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி முன்னதாகவே தொடங்கிவிடும். ஒரே நிகழ்ச்சியைக் குரு ஒரு பெயரிலும் சபை மற்றொரு பெயரிலும் வாட்ஸ்அப்பில் அனுப்ப, இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடித்து ஒன்றை நீக்க வேண்டும். இதெல்லாம் கண்ணும் கருத்தும் வேண்டிய வேலை. அந்தக் கண்ணும் கருத்தும் உன் ஒருத்தியுடையவையாகவே ஐந்து வருஷமாக இருக்கின்றன என்பதுதான் என் கவலை.

பர்மாவில் நம் மோல்மீன் கடையின் கதையை மறுபடியும் எடுக்கிறாரே ஐயா என்று நீ சலித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. சலித்துக்கொண்டே படி. நம்மவர் கடல் கடந்து கடை வைத்த காலத்தில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையை வெறும் பதவிப் பெருமைக்காக ஏற்படுத்தவில்லை. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன் கணக்குப் பழகி அடுத்தாளாவதும், அடுத்தாள் மேலாளாவதும், மேலாள் தன் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும், வியாபாரம் எத்தனை கொழித்துக்கொண்டிருந்தாலும், ஐந்தொகை போட்டுப் பேரேட்டையும் சாவியையும் அடுத்து வந்தவரிடம் ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்புவதும் முறையாக இருந்தன. அந்த முறை இருந்தவரையில் ஆள் மாறினாலும் கடை மாறவில்லை. நம் மோல்மீன் கடையில் மட்டும் மேலாளாக இருந்த மனிதர் தவணை முடிந்தும் திரும்பவில்லை. அடுத்தாளைப் பெயருக்கு வைத்துக்கொண்டு, எந்த வயல் யாருக்கு ஈடு, எந்த நோட்டுக்கு எவ்வளவு வட்டி என்பதையெல்லாம் தம் நினைவிலேயே சுமந்து, 'நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை' என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். 1942இல் ஜப்பானியர் வந்து, எல்லாரும் காடும் மலையும் நடந்து தப்பி வந்த வழியில், காய்ச்சல் கண்டு அவர் போய்ச் சேர்ந்தார். பேரேடு வீடு வந்து சேர்ந்தது. அதிலிருந்த குறிகள் இன்னவை என்று சொல்ல ஆள் வந்து சேரவில்லை. பேரேடு தெளிவாக இருந்திருந்தாலும் பிற்பாடு பர்மா அரசாங்கம் நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும் என்று உன் அப்பச்சி ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னுடன் வாதம் செய்வான். அது சரித்திரம், நான் பேசுவது கணக்கு.

உன் கடையைப் பார். நாட்காட்டியின் இணைய முகவரி உன் பெயரில். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் தொகை உன் கடன் அட்டையில். உள்ளே நுழையும் கடவுச்சொல் உன் நினைவில். எந்தச் சபைக்காரர் சொன்ன நேரத்தை நம்பலாம், எவர் அனுப்பினால் மறுபடி தொலைபேசியில் கேட்டுவிட்டே போட வேண்டும் என்ற விவேகமும் உன் ஒருத்தியிடமே. ஒரு வாரம் உனக்கு ஜுரம் வந்தால் சென்னையில் நாட்டியம் நின்றுவிடாது. உன் பக்கம் மட்டும் பழைய தேதியைக் காட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாண்டு முறைப்படி பார்த்தால் இரண்டாவது தவணையும் முடியப் போகிறது. இன்னும் ஒரு பெட்டியடிப் பையன் கூட உன்னிடம் சேரவில்லை.

தொடங்கியவர் ஒருவர், தொடர்ந்தவர் மற்றொருவர் என்று நடந்த காரியங்களே நிலைத்திருக்கின்றன. அனிதா ரத்னம் 1992இல் நாடெங்குமுள்ள நாட்டியக் கலைஞர்களின் முகவரிகளைத் திரட்டி 'நர்த்தகி' என்ற கையேடாக அச்சிட்டு, அதையே 2000இல் இணையத்துக்குக் கொண்டுவந்தார். அது இத்தனை காலம் நடந்ததற்கு, லலிதா வெங்கட் ஆசிரியப் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு அமர்ந்து வேலை செய்ததும் காரணம் என்பது என் அபிப்பிராயம். பட்டாபிராமன் 1983இல் தொடங்கிய 'ஸ்ருதி' இதழ் அவருக்குப் பின்னும் வெளிவந்தது. இவ்வளவு தூரம் ஏன்? சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் ஏற்படுத்திய கம்பன் திருநாள், அவர் 1982இல் மறைந்த பின்னரும், பங்குனி அத்தத்தன்று நம் ஊர்க் கம்பர் சமாதிக்கு வந்து நிறைவடைகிறது. அவர் எவ்வளவு பிடிவாதக்காரர் என்று ஊரார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரர் கூடப் பின்னே வருகிறவர்களைத் தயார் செய்துவிட்டே போனார்.

இனி உனக்கு இரண்டு வழிகள் உள்ளன. எதைத் தேர்வதென்பது முழுவதும் உன் விருப்பம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒன்று, இப்போது போலவே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கண் ஒளியை வீணாக்கி, பண்டிகைக்கு ஊர் வந்தும் வராதவளாக, எல்லாவற்றையும் ஒருத்தியாகச் சுமப்பது. மற்றொன்று, நாட்டியம் பயிலும் பெண்களில் பொறுப்புள்ள இரண்டு பேரை இப்பொழுதே சேர்த்துக்கொண்டு, வாரத்தில் ஒருநாள் அவர்களே பதிவு செய்யட்டும் என்று விட்டு, அவர்கள் செய்யும் தவறுகளை உடனே நீ போய்த் திருத்தாமல் அவர்களையே திருத்த வைத்து, சாவியின் மறுபிரதியை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து, வருகிற மார்கழி முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு நிம்மதியாக முன்வரிசையில் அமர்ந்து ஒரு வர்ணத்தை முழுதாகப் பார்ப்பது. நிதானமாக யோசித்து, உன் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் செய்.

சேர்க்கும் பெண்களிடம் ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடு. தம் நிகழ்ச்சியைப் பட்டியலின் தலைப்பில் போட்டால் பணம் தருகிறேன் என்று யாரோ உன்னிடம் கேட்டதாகவும், நீ மறுத்ததாகவும் உன் தாயார் சொன்னாள். நல்ல காரியம் செய்தாய். நம் ஊர்ச் செவ்வாய்ப் பொங்கலில் நூற்றுக்கணக்கான பானைகளில் முதல் பானை யாருடையது என்பதைச் செல்வமோ வயதோ தீர்மானிப்பதில்லை, சீட்டுத்தான் தீர்மானிக்கிறது, அதனாலேயே இத்தனை தலைமுறையாகச் சண்டையில்லாமல் பொங்குகிறது. உன் பட்டியலில் நேரவரிசை இருக்கிறது, அது போதும். செலவுக்கு வேண்டுமானால் மகமை போல எல்லாரிடமும் ஒரே சிறு தொகை வாங்கு, கொடுத்தவர் பெயரை வெளியிடாதே. நீ எதையும் வாங்கமாட்டேன் என்று வைராக்கியமாக இருப்பதை நான் மதிக்கிறேன், ஆனால் உனக்குப் பின் வருகிறவளுக்கும் உன்னைப் போலச் சம்பளம் வரும் என்பது என்ன நிச்சயம்?

இவ்வளவும் எழுதி உன் அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். பிள்ளையை இப்படியா விரட்டுவது, வேலைக்குப் போய்க்கொண்டே இத்தனையும் செய்கிறதே, நம் வீட்டில் யாருக்கு இந்தச் சாமர்த்தியம் இருந்தது என்று என்னையே கடிந்துகொண்டாள். அவள் சொல்வதும் சரியே. நம் வம்சத்தில் வட்டிக் கணக்கு எழுதியவர்கள் பலர். ஊருக்காக ஒரு கணக்கை வட்டியில்லாமல் எழுதியவள் நீ ஒருத்தி. உன்னைப் போன்ற பேத்தி எவருக்கு வாய்க்கும்? மேலே எழுதியதில் கடுமையாகப் பட்டதையெல்லாம் கிழவன் பேச்சென்று தள்ளிவிட்டு, நீ எப்படிச் செய்தாலும் அது சரியாகவே இருக்கும் என்று வைத்துக்கொள். அடுத்தாள் விஷயத்தைத் தவிர.

கோயில் விழாக்களின் திதி, நட்சத்திரம் பார்த்து ஆங்கிலத் தேதி எழுதும் வேலையை, வேறு ஆள் கிடைக்கும் வரையில், எனக்குக் கொடுக்கலாம். பஞ்சாங்கம் என் கட்டிலிலேயே கிடக்கிறது, எனக்கும் வேறு ஜோலி இல்லை. மாதப் பிறப்புக்கு முந்தியே தபாலில் எழுதி அனுப்பிவிடுவேன். தபால் தாமதமாகும் என்றால் உன் அப்பச்சியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். மணகோலமும் சீப்புச்சீடையும் பார்சலில் வருகின்றன. சீடையை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்ப் பங்கிட்டு விடாதே, அது உனக்கென்று உன் அப்பத்தா சுட்டது.

இப்படிக்கு,
ஐயா