மெலிந்த செவிப்பறை: காதை விடுங்கள், மூக்கைக் கவனியுங்கள்

“செவிப்பறை மெலிஞ்சு உள்ளே இழுத்திருக்கு” என்று மருத்துவர் சொன்னதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, “காதுக்கு என்ன சொட்டு விடணும் டாக்டர்?” என்பதுதான். ஆனால் கோளாறு பெரும்பாலும் மூக்குப் பக்கம் இருக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்றறைக்கு யூஸ்டேசியன் குழாய் போகிறது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 3.5 செ.மீ. நீளம். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து காற்றை உள்ளே விடும். சளி, ஒவ்வாமை, சிறுவயதில் வீங்கிய அடினாய்டு சதை என ஏதோ ஒன்றால் அது சரியாகத் திறக்காமலே ஆண்டுகள் போனால், உள்ளே அழுத்தம் குறைந்து பறை இழுபடுகிறது. மூன்று அடுக்குகள் சேர்ந்தே அதன் தடிமன் 0.1 மி.மீ. அளவுதான். நடுவிலுள்ள நார் அடுக்கு போய்விட்டால், துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி மாதிரி ஆகிவிடும்.

செய்யக்கூடாதவை

• மூக்கை உறிஞ்சாதீர்கள். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஒவ்வொரு உறிஞ்சலும் காதுக்குள் இருக்கும் கொஞ்சக் காற்றையும் வெளியே இழுக்கக்கூடும். சிலருக்கு அடைப்பு விட்டதுபோல் சுகமாக இருக்கும், அதனாலேயே பழக்கமாகிவிடும்.

• பட்ஸ், ஹேர்பின், சாவி, கோழி இறகு எதுவும் வேண்டாம். குறும்பி தானாகவே வெளியே நகர்ந்து வரும்.

• எண்ணெய்க் குளியலன்று காதில் இரண்டு சொட்டு விடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பூண்டு காய்ச்சிய எண்ணெய்க்கும் இதேதான்.

• பழைய சீட்டைக் காட்டிக் காதுச் சொட்டு வாங்காதீர்கள். பறையில் ஓட்டை இருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் உள்காதைப் பாதிக்கலாம்.

• மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதாதீர்கள். நைந்த பறை கிழியவும் கூடும். மெல்ல ஊதலாமா என்பதை உங்கள் காதைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும்.

• கிணற்றில் மேலிருந்து குதிப்பது, ஆழத்தில் முங்குவது, குற்றாலத்தில் கொட்டும் நீருக்கு நேராகக் காதைக் காட்டுவது: மூன்றும் கூடாது. பிள்ளைகளைக் கன்னத்தில் அறைவதும் இந்தப் பட்டியலில்தான். காதில் பட்ட ஒரே அறையில் நல்ல பறையே கிழிந்துவிடும்.

செய்ய வேண்டியவை

• ஒரு நாசியை மூடி மறு நாசியை மெதுவாகச் சிந்துங்கள். தும்மலும் மூக்கடைப்பும் ஓயாமல் இருந்தால் ஒவ்வாமைக்கு மருத்துவம் பாருங்கள். அடைப்பு நீக்கும் மூக்குச் சொட்டை ஒரு வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அதுவே அடைப்பை வளர்க்கும்.

• விமானம் தரையிறங்கும்போதும், ஊட்டி, கொடைக்கானலிலிருந்து பேருந்து இறங்கும்போதும் விழித்திருந்து எதையாவது மென்று விழுங்கிக்கொண்டே இருங்கள். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அடைக்கும். கடும் சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

• செவித்திறன் சோதனையும், நடுக்காது அழுத்தத்தை அளக்கும் டிம்பனோமெட்ரியும் செய்துகொள்ளுங்கள். எண்டோஸ்கோப்பில் எடுத்த பறையின் படத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த முறை பறை உள்ளிழுபட்ட பள்ளம் ஆழமாகியிருக்கிறதா என்று ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

இந்தப் பள்ளம்தான் கவலைக்குரியது. உதிரும் தோல் வெளியேற வழியின்றி அங்கே குவிந்தால் அது கொலஸ்டீடோமா. ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகளை அரிக்கும். பட்டடை எலும்புதான் பெரும்பாலும் முதலில் போகும். அந்த நிலைக்கு முன்பே காற்றுக்காகச் சின்னக் குழல் பொருத்துவதோ, காதுக் குருத்தெலும்பால் பறையைத் தாங்கிக் கட்டுவதோ உண்டு. எல்லோருக்கும் தேவைப்படாது, பலருக்குக் கண்காணிப்பே போதும்.

நாற்றமுள்ள சீழ், தலைசுற்றல், முகம் ஒருபக்கம் கோணுதல், திடீரென்று கேட்காமல் போதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். வலி வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். இந்தக் காதுகள் பெரும்பாலும் வலிப்பதில்லை.