கட்டிச் சோப்பு செய்யும் முறை
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கு ஒரு பாடம்)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறிய சரக்குகளுள் முக்கியமானது நிலக்கடலை. தென்னார்க்காட்டுப் புன்செய்களில் விளைந்த கடலை வண்டிகளிலும், 1879-இல் விழுப்புரம் ரயில்பாதை திறக்கப்பட்டபின் ரயிலிலும் வந்து சேர்ந்து, பிரான்சு தேசத்து மார்சேய் நகருக்குச் சென்றது. அங்கே அது எண்ணெயாயிற்று. எண்ணெயில் ஒரு பகுதி சோப்பாயிற்று. பயிரிட்ட குடியானவனுக்குக் கடலையின் விலை மட்டுமே கிடைத்தது. ஆட்டிய கூலியும் சோப்பு காய்ச்சிய லாபமும் அயலார்க்கே சென்றன. பின்னர், 1914-ஆம் ஆண்டில் மதராஸ் அரசாங்கம் கோழிக்கோட்டில் சோப்புத் தொழிற்சாலையை நிறுவியது. எண்ணெய் விளையும் கரையிலேயே சோப்பும் செய்யலாம் என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு.

சோப்பு என்பது யாது?

எண்ணெயும் காரமும் கூடிப் பிறப்பது சோப்பு. எண்ணெயில் கொழுப்பமிலங்களும் கிளிசரினும் பிணைந்துள்ளன. காஸ்டிக் சோடா அப்பிணைப்பைப் பிரித்து, அமிலங்களோடு தான் சேர்ந்து சோப்பாகிறது. கிளிசரின் தனியே நிற்கிறது. இவ்வுண்மையை விளக்கியவர் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு ரசாயனப் புலவர். அவரது நூல் 1823-இல் வெளிவந்தது. பெரிய ஆலைகளில் சோப்பைக் காய்ச்சி, உப்பிட்டுத் திரித்து, கிளிசரினைப் பிரித்தெடுப்பர். சிறு சங்கத்திற்கு ஏற்றது காய்ச்சாத முறையே. இதில் கிளிசரின் சோப்பிலேயே தங்கும்.

அளவு

தேங்காயெண்ணெய் 600 கிராம், கடலையெண்ணெய் 300 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 155 கிராம், தண்ணீர் 330 கிராம். தேங்காயெண்ணெய் கடினமும் நுரையும் தரும். உப்புநீரிலும் ஓரளவு நுரைக்குமாதலால் கடற்கரை ஊர்களுக்கு மிகவும் உகந்தது. கடலையெண்ணெய் மென்மை தரும். ஆனால் அது மட்டுமே மிகுந்தால் கட்டி இளகும். ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காரம் வேறாதலின், எண்ணெயை மாற்றினால் காரத்தையும் மாற்றிக் கணக்கிட வேண்டும். யாவற்றையும் தராசில் நிறுக்கவேண்டுமேயன்றிப் படியால் அளத்தல் கூடாது.

செய்முறை

கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், தண்ணீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இடுக. காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எஃகுப் பாத்திரமே தக்கது. அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். காரநீர் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுக. கண்ணாயின் வைத்தியசாலைக்கு விரைக.

காரநீர் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதைப் பாத்திரத்தின் வெளிப்புறம் தொட்டறிந்து, எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கிண்டுக. கலவை தயிர்போல் தடித்து, துடுப்பிலிருந்து சொட்டியது மேலே தடம் விட்டு நின்றால் பதம். காகிதம் விரித்த மரச்சட்டத்தில் வார்த்து, சாக்கு மூடி ஒரு நாள் வைக்கவும். பின்னர் துண்டுகளாக்கி, நிழலில் நான்கு வாரம் உலர்த்துக.

நாணயம்

மேற்கண்ட ஈடு ஏறக்குறைய 1,485 கிராம்; அதில் 330 கிராம் சேர்த்த நீர். மறுநாளே நிறுத்து விற்பவன் தண்ணீரை எண்ணெய் விலைக்கு விற்றவனாவான். வாங்கியவர் வீட்டில் கட்டி சுருங்கும். அதனோடு சங்கத்தின் பெயரும் சுருங்கும். மாக்கல் பொடி கலந்து எடை கூட்டுவதும் அத்தகையதே. ஆகவே அடக்கவிலையை உலர்ந்த எடைக்கே கணக்கிடுக. உலரும் நான்கு வாரமும் முதல் முடங்கியிருக்குமாதலால், அதற்கு வேண்டிய பணத்தை முன்னரே ஒதுக்குக. உடலுக்குத் தேய்க்கும் சோப்பை விற்பனைக்குச் செய்ய அரசாங்க உரிமம் பெறுதல் அவசியம்.

சங்கக் கூட்டத்தில் ஆராயவேண்டியவை

1. நம் ஊரில் எவ்வெண்ணெய் மலிவாகக் கிடைக்கும்?
2. ஒரு மாதத்தில் நம் அங்கத்தினர் வீடுகள் எத்தனை கட்டி சோப்பு வாங்குகின்றன?
3. காரத்தைக் குழந்தைகள் எட்டாதபடி பூட்டிவைக்கும் பொறுப்பு யாருடையது?

மூன்றாவது வினாவிற்கு விடை கிடைத்த பின்னரே முதல் ஈட்டைத் தொடங்குக.