பரீட்சைப் பாடம் நினைவில் நிற்கும் வகை

மார்ச், ஏப்ரல் மாதங்கள் நம் கிராமங்களில் பரீட்சைக் காலமாகும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பயிலும் பிள்ளைகள் அரசுப் பொதுத் தேர்வு எழுதும் இக்காலத்தில், வீடுதோறும் பாடங்களை உரக்கப் படிக்கும் ஓசை கேட்கிறது. ஓசை மிகுந்த வீட்டில் படிப்பும் மிகுதி என்று பெற்றோர் கருதுவது இயல்பே. ஆயினும், பத்து முறை படித்த பாடம் தேர்வுக் கூடத்தில் மறந்துபோயிற்று என்று பிள்ளைகள் வருந்துவதை நாம் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். பெரும்பாலும் இது மந்த புத்தியின் குற்றமன்று. படிக்கும் முறையின் குற்றமே. தேர்வில் தவறிய பிள்ளை, குறிப்பாகப் பெண் பிள்ளை, படிப்பை விட்டு வேலைக்கோ மணவாழ்வுக்கோ அனுப்பப்படுவது இன்றும் நிகழ்கின்றமையால், பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கவனம் செலுத்தவேண்டிய விஷயம் இது.

மறதியை முறையாக அளந்து பார்த்தவர்களுள் முதல்வர் ஜெர்மனி நாட்டு ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, தம்மிடமே சோதனை நடத்தி, 1885-ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறந்துபோகிறது. அதன்பின் மறதியின் வேகம் தணிகிறது என்று கண்டார். ஒரே மூச்சில் படிப்பதைக் காட்டிலும், அதே பாடத்தைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து படித்தால் குறைந்த உழைப்பே போதும் என்பதும் அவர் கண்டதே. ஒரு மாதத் தண்ணீரை ஒரே நாளில் பாய்ச்சிவிட்டு மடையை அடைக்கும் விவசாயி எவருமிலர். ஆகவே, இன்று படித்த பாடத்தை நாளையும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எடுக்க வேண்டும்.

மீண்டும் எடுப்பது என்றால் மீண்டும் படிப்பதன்று. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதனை நன்கு விளக்கும். கல்லூரி மாணாக்கருள் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தவணைகளிலும் படித்தே வந்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு தவணை படித்து, மற்ற மூன்று தவணைகளிலும் ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிஷங்கள் கழித்துச் சோதித்தபோது, படித்தே வந்தவர்கள்தாம் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, அவர்களுக்கு நூற்றுக்கு 40 பங்கே நினைவில் நின்றது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 பங்கு நின்றது. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியிருந்தவர்களும் படித்தே வந்தவர்கள்தாம் என்பது கவனிக்கத்தக்கது. முதல் நாள் இரவு பத்து முறை படித்துவிட்டு நம்பிக்கையோடு தேர்வுக்குச் செல்லும் பிள்ளையின் நிலையும் இதுவே.

நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஏடு பாராமல் ஒப்பிக்கச் செய்ததும் இவ்வகையைச் சார்ந்ததே. பொருளறியாமலும் ஒப்பித்துவிடலாம் என்பது அதிலிருந்த குறை. பொருளோடு பிணைத்தால் ஆண்டுகளும் எளிதில் நிற்கும். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799; மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801; வேலூர்ப் புரட்சி 1806. இவற்றைத் தனித்தனியே உருப்போடுவதை விட, முதலாவதற்கு இரண்டு ஆண்டு கழித்து அடுத்தது, அதற்கு ஐந்து ஆண்டு கழித்து மூன்றாவது என்று கோத்துக்கொள்வது நலம். வேலூரில் சிப்பாய்கள் ஏன் எழுந்தனர் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். புதிய தலைப்பாகை, சமயக் குறிகளுக்குத் தடை, தாடியை மழிக்க உத்தரவு என்று காரணங்களைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு விடை பாதி எழுதியாயிற்று.

எழுத்தறியாத பெற்றோர் இதில் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். செய்யக்கூடியது நிரம்ப உண்டு. மாலையில் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் வேளையில், "இன்று என்ன படித்தாய்? புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்" என்று கேட்டாலே போதும். பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்தைப் புத்தகத்தைத் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும். கேட்பவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சொல்வது விளங்கவில்லையென்றால் "விளங்கவில்லை" என்று சொல்லும் பொறுமையே வேண்டும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா அமர்ந்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று அதட்டுவதையும் கைவிட வேண்டும். அப்பிள்ளை நினைவுகூர்ந்துகொண்டிருக்கலாம்.

உறக்கத்தைக் குறைப்பதும் தீங்கே. கற்றதை மூளை நிலைப்படுத்திக்கொள்ளும் வேலையில் உறக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. தேர்வுக்கு முந்திய இரவு முழுவதும் விழித்திருப்பவர் அதனை இழக்கிறார்.

பஞ்சாயத்தின் கடமை வேறு. ஊர் நூலகத்தையோ சமுதாயக் கூடத்தையோ மாலையில் திறந்து, நல்ல விளக்கும் குடிதண்ணீரும் அமைத்துக் கொடுத்தால், பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவரிடம் ஒருவர் ஒப்பிக்கலாம். மாசி, பங்குனித் திருவிழாக்களில் ஒலிபெருக்கி படிப்பைக் கெடுக்காதபடி ஊர்ப் பெரியவர்களைக் கலந்து ஏற்பாடு செய்தல் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாகவே தடை செய்கின்றன.

தேர்வில் தவறியவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. பல குடும்பங்கள் இதனை அறியாமலோ, அறிந்தும் மனம் தளர்ந்தோ விண்ணப்பிக்கும் நாளைத் தவறவிடுகின்றன. முடிவு வெளியாகும் வாரத்திலேயே வார்டு உறுப்பினர் அவ்வீடுகளுக்குச் சென்று, பிள்ளையைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அழைத்துச் சென்று விண்ணப்பிக்கச் செய்தல் வேண்டும்.