சித்தன்னவாசலில் சித்தர் உண்டா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலின் பெயர், ‘சித்தர்களின் உறைவிடம்’ என்ற பொருளுள்ள வடமொழித் தொடரிலிருந்து வந்தது என்கிறார்களே, சரியா?

பதில்: கேட்க அழகான விளக்கம். சமணத் துறவிகள் தவமிருந்த குன்று அது. ஏழடிப்பட்டத்துக் குகையில் அவர்களுடைய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இன்றும் உள்ளன. ஆனால், பொருள் பொருந்திவிட்டால் மட்டும் சொல்லின் பிறப்பு நிச்சயமாகிவிடாது. பிரித்த ஒவ்வொரு துண்டும் வேறு சொற்களிலும் அதே வேலையைச் செய்கிறதா, பழைய ஆவணத்தில் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியிலிருந்து தொடங்குவோம். ‘இல்வாய்’ முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆனதை இலக்கணப் போலி என்று பள்ளியில் படித்திருப்போம். பேச்சில் உயிர் உசுராவதுபோல வாயில் வாசலாகும்; திருவாரூர் மாவட்டத்துக் குடவாயில் இன்று குடவாசல். நடுத்துண்டுக்குக் கல்வெட்டே சாட்சி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இங்கே திருப்பணி செய்ததைச் சொல்லும் கல்வெட்டு, ‘அண்ணல்வாயில் அறிவர் கோயில்’ என்று குறிக்கிறது. எஞ்சுவது ‘சித்து’. சிறு என்பது உயிரெழுத்துக்கு முன் ‘சிற்று’ ஆகும். சிற்றூர் அப்படி வந்ததே. ‘ற்ற’ பேச்சில் ‘த்த’ ஆகும். சிற்றப்பன் சித்தப்பா ஆனார், கொத்தனாருக்குக் கைகொடுக்கும் சிற்றாள் சித்தாள் ஆனார். ஆக, சிற்றண்ணல்வாயிலே சித்தன்னவாசல்.

‘அண்ணன் அன்னன் ஆவதில்லை, அண்ணல் மட்டும் எப்படி அன்ன ஆனது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்த விளக்கத்தின் மெலிந்த கண்ணி இதுதான். அண்ணன் தினமும் வாயில் புழங்கும் சொல். அண்ணலோ வழக்கிலிருந்து ஒதுங்கிவிட்டது. பொருள் மறந்த சொல்லைத் தெரிந்த சொல்லின் சாயலில் உச்சரிப்பது மக்கள் இயல்பு; அன்னம் அப்படி நுழைந்திருக்கலாம். இந்த மாற்றம் சித்தன்னவாசலோடு நிற்கவுமில்லை. சில கிலோமீட்டர் தள்ளி அன்னவாசல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களில் ஒன்றைச் ‘சிறு’ சேர்த்துப் பிரித்தறிவது நம் வழக்கம். வடமொழி விளக்கத்தை ஏற்றால் சித்தன்னவாசலுக்கு மட்டும் விடை கிடைக்கும், பக்கத்து ஊர் அனாதையாக நிற்கும். ‘சிற்றண்ணல்வாயில்’ என்றால் இரண்டுக்கும் ஒரே விடை. சித்தாளிடம் சித்தரைத் தேடாத நாம், சித்தன்னவாசலில் மட்டும் ஏன் தேட வேண்டும்?