ஹம்பியில் கண்ட ஜினாலயம்

துங்கபத்திரை ஆற்றின் தென்கரையிலுள்ள ஹம்பி, விஜயநகரப் பேரரசின் தலைநகராக விளங்கிய இடம். 1565-ஆம் ஆண்டுப் போரில் அரசு தோற்றபின் பாழ்பட்ட அந்நகரைக் காண, நம் சமூகத்துப் பெரியோரும் பிள்ளைகளுமாக 18 பேர் சென்றோம். ஹொசப்பேட்டையில் இரவு தங்கி, காலையில் வழிகாட்டி ஒருவருடன் வேனில் புறப்பட்டோம். பொழுது சாய்வதற்குள் திரும்பி உணவருந்த வேண்டுமாதலால், காணவேண்டிய இடங்களை முன்னரே வரையறுத்துக்கொண்டோம்.

முதலில் விருபாட்சர் கோயிலுக்குத் தெற்கேயுள்ள ஹேமகூடக் குன்றில் ஏறினோம். படிப்படியாக ஒடுங்கிச் செல்லும் கற்கூரைகளையுடைய சிறு கோயில்கள் அங்கே பல உள்ளன. “இவையெல்லாம் சைனக் கோயில்கள்” என்றார் வழிகாட்டி. உடன் வந்தோர் முகங்களில் பெருமிதம் தோன்றியது. சிலர் கைகூப்பவும் செய்தனர். நமக்கோ நெஞ்சம் உறுத்தியது. ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாமும் பல்லாண்டுகள் இதையே கற்பித்திருந்தோம். பழைய நூல்கள் அவ்வாறு எழுதியிருந்தன. நாமும் ஆராயாமல் ஒப்புவித்தோம். அங்குள்ள மூன்று கருவறைக் கோயில் ஒன்றின் கல்வெட்டு, வீரகம்பிலதேவன் தன் பெற்றோர் முதலியோர் நினைவாகச் சிவாலயம் எடுத்து மூன்று இலிங்கங்களை நிறுவிய செய்தியைத் தெளிவாகக் கூறுகின்றது. விஜயநகர அரசு தோன்றுவதற்கு முற்பட்ட, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலப் பணி அது. இதனை அங்கேயே எல்லோர்க்கும் சொன்னோம். பிறர் கோயிலை நமதென்று சொல்லிக்கொள்வது சத்திய விரதத்திற்கு ஒவ்வாது அல்லவா?

சிறுவன் ஒருவன் வாடிய முகத்துடன், “அப்படியானால் நமக்கு இந்த ஊரில் ஒன்றுமே இல்லையா, பாட்டி?” என்று கேட்டான். “இருக்கிறது, பொறுத்திரு” என்றோம்.

அடுத்து அரண்மனைப் பகுதி. அரசர் வாழ்ந்த மாளிகைகளின் மேற்பகுதி பெரும்பாலும் மரத்தாலானது. ஆகவே கல் அடித்தளங்களே இன்று எஞ்சியுள்ளன. மூன்று அடுக்காக உயர்ந்த மகாநவமி மேடையின் பக்கங்களில் யானை, குதிரை, வேட்டை, நடனம் எனச் சிற்ப வரிசைகள் ஓடுகின்றன. அருகே 1980-களில் அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்ட படிக்குளத்தின் கருங்கற்களில், எக்கல் எவ்விடத்திற்குரியது என்று தச்சர் பொறித்த அடையாளங்கள் உள்ளன. பிள்ளைகள் இவற்றைத் தேடிக் கண்டு மகிழ்ந்தனர். தாமரை மகாலும் 11 அறைகள் கொண்ட யானைக் கொட்டிலும் படங்களில் பலரும் கண்டவையே.

அரண்மனையை ஒட்டிய வெற்றிலை பாக்குக் கடைவீதியில், இரண்டாம் தேவராயர் 1426-இல் பார்சுவநாதருக்குக் கல்லால் சைத்தியாலயம் எடுப்பித்தார். அதுவும் இன்று சிதைந்தே கிடக்கின்றது. தம் சமயம் வேறாயினும், தம் நகரின் நடுவே மன்னரே எடுப்பித்த ஜினாலயம் அது.

பகலுணவுக்குப்பின் கணிகித்திக் கோயிலுக்குச் செல்லவேண்டும் என்றோம். “அது வெறுங்கோயில், பார்க்க ஒன்றுமில்லை, கல் தேருக்குப் போகலாம்” என்றார் வழிகாட்டி. இரண்டுக்கும் நேரமில்லை. கல் தேரைக் காணவென்றே வந்த சிலர் வருந்தினர், அவ்வருத்தம் நியாயமானதே. எனினும் இறுதியில் யாவரும் இசைந்தனர்.

கமலாபுரத்திலிருந்து கம்பிலி செல்லும் சாலையோரம் அக்கோயில் உள்ளது. கணிகித்தி என்பது கன்னடத்தில் எண்ணெய் வாணிகப் பெண்ணைக் குறிக்கும். இப்பெயர் மக்கள் வாய்மொழியாகப் பின்னர் வந்தது. உண்மை வரலாற்றை முன்னால் நிற்கும் ஒற்றைக்கல் விளக்குத்தூண் கூறுகின்றது. ஜினனைப் போற்றித் தொடங்கி, சிம்மநந்தி ஆசாரியரின் குருபரம்பரையை உரைக்கும் அவ்வடமொழிக் கல்வெட்டு, இரண்டாம் ஹரிஹரரின் தண்டநாயகர் இருகர், சக ஆண்டு 1307-இல் (கி.பி. 1385-86) குந்துநாதருக்கு இக்கற்கோயிலைக் கட்டினார் எனப் பதிவு செய்கின்றது.

கோயிலின் கூரையை அண்ணாந்து பார்க்கச் சொன்னோம். ஹேமகூடத்தில் கண்ட அதே படிப்படியான கூரை! அது தக்காணத்துக் கட்டட வழக்கு. சைவர்க்கும் சைனர்க்கும் பொதுவானது. கூரையைக் கொண்டு சமயத்தை முடிவு செய்தால் என்ன பிழை நேரும் என்பதைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தால் அத்துணை எளிதாகப் பதிந்திராது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் கல்வெட்டு, நிலைவாயிலின் மேற்பகுதி, பீடத்தின் இலாஞ்சனம் ஆகியவற்றை முதலில் தேடப் பழக்குக. குந்துநாதரின் இலாஞ்சனம் ஆடு என்பதை நம் குழுவில் பெரியோர் பலரே அன்றுதான் அறிந்தனர்.

இதே இருகப்பரை நாம் அறிவோம். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், தம் குரு புட்பசேனரின் சொற்படி 1387-88-இல் சங்கீத மண்டபம் எடுத்தவர் அவரே. மேற்கூரை ஓவியங்களைக் காண நாம் ஆண்டுதோறும் தலையுயர்த்தி நிற்கும் அம்மண்டபம்தான். இதைச் சொன்னதும், கல் தேரைக் காணாமல் வருந்திய அம்மையார் ஒருவர், “நம் ஊர் மண்டபம் கட்டியவரா!” என்று தூணருகே சென்று அமர்ந்துவிட்டார்.

கருவறையில் திருவுருவம் இல்லை. வெறும் இருளை நோக்கி நின்று பஞ்ச நமஸ்காரம் கூறினோம். வழிகாட்டி வாயிலருகே காலணிகளைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். பின்னர் அவர், அத்தூணில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆண்டை மட்டும் இருமுறை கேட்டார். வெயில் தாழ்ந்துவிட்டதால், மற்றவற்றை வேனில் சொல்லிக்கொண்டே ஹொசப்பேட்டை திரும்பினோம்.