தட்டில் வளரும் பைன் மரம்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஜப்பானின் ஹிரோஷிமா நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டது. குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் யமாகி குடும்பத்தாரின் வீடு இருந்தது. வீட்டின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கிச் சிதறின. தோட்டத்து மதில் மறைவில், தொட்டியில் நின்ற ஒரு வெண்பைன் மரம் பட்டுப்போகாமல் பிழைத்துக்கொண்டது. 1976இல் ஜப்பானியர் அமெரிக்காவுக்கு அளித்த போன்சாய் மரங்களுடன் மசாரு யமாகி இதையும் கொடுத்தார். அது குண்டுவெடிப்பிலிருந்து தப்பிய மரம் என்பது, 2001இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டனுக்கு வந்து சொன்ன பிறகே அங்குள்ளோருக்குத் தெரிந்தது! 1625 முதல் தொட்டியிலேயே பேணப்பட்டு வருவதாக அதன் வரலாறு கூறுகிறது.

மலையில் 20 மீட்டர் வரை ஓங்கும் இம்மரம் தட்டில் எப்படி அடங்கியது? விதையில் ஏதும் மாயம் இல்லை. போன்சாய் மரத்தின் விதையைத் தரையில் ஊன்றினால் பெரிய மரமே வளரும். அப்படியானால் பட்டினி போட்டுக் குள்ளமாக்கினார்களோ என்று உங்களுக்குத் தோன்றலாம். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பட்டினி கிடக்கும் மரம் நோயில் விழும், நூற்றாண்டுகள் வாழாது. இரகசியம் வெட்டும் காலத்தில் இருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டுத் துளசியைக் கவனியுங்கள். நுனியைக் கிள்ளினால் சில நாட்களில் கீழே பக்கக் கிளைகள் புறப்படுகின்றன அல்லவா? நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனி போனால் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர்.

பைன் மரத்திலும் இதுவே நிகழ்கிறது. வசந்த காலத்தில் அதன் நுனி மொட்டு நீண்டு, வெளிறிய குச்சிபோல் நிமிர்ந்து நிற்கும். பார்ப்பதற்கு மெழுகுவத்தி போல் இருப்பதால் அதை அப்பெயராலேயே அழைக்கிறார்கள். ஒவ்வொரு கொத்திலும் இரண்டு ஊசியிலைகள் கொண்ட கரும்பைனில் இந்தக் குச்சியைக் கோடையின் தொடக்கத்தில் அடியோடு வெட்டிவிடுவார்கள். சில வாரங்களில் வெட்டிய இடத்தில் புதிய மொட்டுகள் தோன்றும். ஆனால் சேமித்து வைத்த உணவில் பெரும்பங்கை முதல் குச்சியே தின்றுவிட்டது. கோடையிலும் மிச்சம் கொஞ்ச நாளே. ஆகவே இரண்டாம் தளிரும் அதன் ஊசிகளும் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. இரண்டாம் முறை தளிர்க்க வலு வேண்டும். அதனால்தான் வெட்டுவதற்கு முந்திய மாதங்களில் நன்றாக உரமிடுகிறார்கள். நோயுற்ற மரத்தில் கத்தரி வைப்பதில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மெலிந்த குச்சிகளை முதலில் வெட்டி, கொழுத்தவற்றைப் பத்து நாள் கழித்து வெட்டுவார்கள். மெலிந்தவை முந்திக்கொள்வதால் மரம் முழுவதும் தளிர்கள் ஒரே அளவாக அமைகின்றன. எனக்கு இதுதான் இக்கலையிலேயே மிகவும் பிடித்த தந்திரம்!

யமாகி மரம் போன்ற, கொத்துக்கு ஐந்து ஊசிகள் உள்ள வெண்பைனில் இது செல்லாது. அது பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையே தளிர்க்கும். ஆகவே குச்சி இளசாக இருக்கும்போதே பாதியை விரலால் கிள்ளுவதோடு சரி.

மற்றொரு எச்சரிக்கை. வேப்பமரத்தை மொட்டையாக வெட்டினாலும் துளிர்க்கும். பைன் அப்படியன்று, ஊசியே இல்லாமல் வெட்டிய கிளை பெரும்பாலும் காய்ந்துவிடும்.

கிளைகளை வளைக்கச் செம்பு அல்லது அலுமினியக் கம்பி சுற்றுகிறார்கள். வளைந்த நிலையில் புதிய மரத்திசு வளர்ந்து இறுகியதும், கம்பியை எடுத்தாலும் வளைவு மாறாது. பட்டையில் கம்பி பதியும் முன் அதை நீக்கிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் ஒரு பகுதியை வெட்டிப் புது மண் இடுகிறார்கள். அப்போது பழைய மண்ணில் வெள்ளை நூல்போல் பூஞ்சை படர்ந்திருக்கும். அதைக் கண்டு நோய் என்று கழுவிவிடக் கூடாது! அந்தப் பூஞ்சை வேருக்கு நீரும் தாது உப்பும் திரட்டித் தந்து, மாற்றாகச் சர்க்கரை பெறுகிறது. எனவே பழைய மண்ணில் ஒரு கைப்பிடியைப் புது மண்ணோடு கலந்துவிடுவது தோட்டக்காரர் வழக்கம்.