முறிந்த போல்ட்டும் முறியாத பொறுமையும்



இப்போது நமது லயங்களில் பல வீடுகளுக்கு முன்னால் ஒரு திரீவீலரோ மோட்டார் சைக்கிளோ நிற்கிறது. சிறு பழுதுக்கெல்லாம் டவுன் கராஜுக்குப் போக வசதியில்லை. ஆகவே வாசலிலேயே சாக்கை விரித்து, ஸ்பனரை எடுத்து வேலையைத் தொடங்கிவிடுகிறோம். இது தவறல்ல. ஆனால் வேலையின் நடுவே ஒரு போல்ட் முறிந்துவிட்டால் என்ன செய்வது? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

எங்கள் கீழ்ப்பிரிவில் ஒரு தம்பி லீசிங்கில் திரீவீலர் எடுத்து ஓட்டுகிறார். சைலன்சரில் சத்தம் வந்ததால் அதைக் கழற்றப் பார்த்தார். போல்ட் இறுகியிருந்தது. ஸ்பனரில் பைப்பைப் போட்டு அழுத்தினார். ‘டக்’ என்று முறிந்தது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் ஹயர் இருந்ததால் அவசரம். யாரோ கொடுத்த எக்ஸ்ட்ராக்டரை உள்ளே விட்டு முறுக்கினார். அதுவும் உள்ளேயே முறிந்தது. பிறகு ட்ரில் போட்டார். ட்ரில் சறுக்கி ஹெட்டின் அலுமினியத்தைக் குடைந்துவிட்டது.

“ஐயா, ஒரு போல்ட்டுக்காக ஒம்பது நாள் வண்டி நின்னு போச்சி” என்று என்னிடம் வந்து சொன்னார். ஹெட்டைக் கழற்றி லேத் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்த மாத லீசிங் காசுக்கு அவருடைய அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. “மத்த பொடியன்மாருக்கும் சொல்லுங்க ஐயா” என்று அவரே கேட்டதால் இதை எழுதுகிறேன். விபரங்களை எங்கள் தொழிற்சாலையின் பழைய பிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் கையை எடுங்கள்

போல்ட் முறிந்ததும் ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிளேன்டி குடியுங்கள். பெரிய நட்டம் போல்ட் முறிந்ததால் வருவதில்லை. அதற்குப் பிறகு ஆத்திரத்தில் செய்யும் வேலையால்தான் வருகிறது.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: இது இறுக்கும்போது முறிந்ததா, கழற்றும்போது முறிந்ததா?

இறுக்கும்போது முறிந்தால் உள்ளே இருக்கும் துண்டு பெரும்பாலும் இளக்கமாகவே இருக்கும். தலை போனதும் இழுவையும் போய்விடும். கூரான ஊசியால் ஓரத்தில் குத்தி இடப்பக்கமாகத் தள்ளினாலே சில வேளை சுற்றி வந்துவிடும்.

கழற்றும்போது முறிந்தால் மரை துருவேறிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இரும்பு போல்ட்டும் அலுமினிய ஹெட்டும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பொடி போல அரிப்பு உண்டாகி இறுகிவிடும். நமது மலைநாட்டு மழைக்கும் பனிக்கும் இது சாதாரணம். இப்படிப்பட்ட துண்டைப் பலத்தால் எடுக்க முடியாது.

செய்யும் முறை

1. எண்ணெய் விடுங்கள். துருவிளக்கும் ஸ்பிரே நல்லது. இல்லாவிட்டால் டீசலை விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் குளிரில் அது உறைந்துவிடும், மரைக்குள் இறங்காது. சிறு சுத்தியலால் துண்டின் மேல் மெதுவாகத் தட்டுங்கள், மறுபடி எண்ணெய் விடுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும்.

2. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். லொக் பிளையரால் இறுகப் பிடித்து முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். ஒரே பக்கமாக முறுக்காதீர்கள். ரப்பர் போல முறுகிக் கொடுத்தால் நிறுத்துங்கள். அடுத்தது முறிவுதான்.

3. சூடு உதவும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே துளை கொஞ்சம் பெரிதாகி பிடி தளரும். வீட்டில் செய்வதானால், கொதிநீரில் நனைத்த துணியைக் குறட்டால் பிடித்துச் சுற்றி வைத்துப் பாருங்கள். புளோ லாம்ப் பிடிப்பது கராஜ் வேலை. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகும். இன்ஜின் வார்ப்பு அதற்கும் முன்பே உருகும், இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கையும் செய்யாது. ஸ்பிரேயும் பெட்ரோலும் பக்கத்தில் இருந்தால் லயமே எரியலாம்.

4. துண்டு உள்ளே முறிந்திருந்தால், வெல்டிங் பாஸிடம் காட்டுங்கள். துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து ஸ்பனரால் கழற்றுவார்கள். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். வெல்டிங்குக்கு முன் பட்டறி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

5. ட்ரில் போடத்தான் வேண்டுமென்றால், முதலில் துண்டின் முகத்தை அரத்தால் மட்டமாக்கி, சென்டர் பஞ்ச்சால் சரியாக நடுவில் குறியிடுங்கள். நடு தவறினால் ட்ரில் மெதுவான அலுமினியத்தின் பக்கமே ஓடும். எங்கள் தம்பிக்கு நடந்தது அதுதான். 3 மி.மீ. ட்ரில்லில் தொடங்கி, எண்ணெய் விட்டு, மெதுவாகச் சுற்றுங்கள். சாதாரண மரையுள்ள 6 மி.மீ. போல்ட்டுக்கு 5 மி.மீ. வரையும், 8 மி.மீ. போல்ட்டுக்கு 6.8 மி.மீ. வரையும்தான் துளைக்கலாம். அதற்கு மேல் போனால் ஹெட்டின் மரை போய்விடும். 10 நம்பர் ஸ்பனர் போகும் போல்ட் பெரும்பாலும் 6 மி.மீ. என்று நினைவில் வைத்திருங்கள்.

எக்ஸ்ட்ராக்டரைப் பற்றி

பிட்டர் என்னிடம் கேட்டார்: “முழு போல்ட்டே அசையாம முறிஞ்சிருக்கு. அதுக்குள்ள போற மெல்லிய கம்பி அத அசைச்சிடுமா?” நியாயமான கேள்வி. எக்ஸ்ட்ராக்டர் இளக்கமான துண்டுக்குத்தான் நல்லது. அது மிகக் கடினமான இரும்பு. உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதை அறுக்காது. கையால் முறுக்கி வரவில்லை என்றால் வெளியே எடுத்துவிடுங்கள்.

கண்ணும் பிள்ளைகளும்

ட்ரில் போடும்போதும் சுத்தியலால் தட்டும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் இரும்புத் தூள் பட்டால் கசக்காமல், நாக்கால் எடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறு பிள்ளைகளைத் தூர வையுங்கள். தூள் இன்ஜினுக்குள் விழாமல் ஓட்டையைத் துணியால் அடையுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க மறக்கவேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது

பழைய போல்ட்டைப் போடாதீர்கள். அதே அளவு, அதே மரை, அதே நீளத்தில் புதியது வாங்குங்கள். மரையைச் சுத்தம் செய்து, சைலன்சர் போன்ற சூடான இடத்துக்குரிய செம்புக் கிறீஸ் கொஞ்சம் பூசுங்கள். முதல் சில சுற்றுகளை விரலாலேயே சுற்றுங்கள். விரலுக்கு இறங்காவிட்டால் மரை மாறியிருக்கிறது. சிறு போல்ட்டுக்குச் சிறு ஸ்பனரே போதும், பைப் வேண்டாம். 6 மி.மீ. போல்ட்டுகளில் பாதி, கையின் பலம் தெரியாமல் இறுக்கியதால் முறிபவைதான் என்கிறார் எங்கள் பிட்டர்.

ஒரு நாள் ஹயர் போனால் அடுத்த நாள் பிடித்துக்கொள்ளலாம். அடகுக்குப் போன தோட்டை மீட்க எத்தனை மாதமாகும் என்று உங்களுக்குத் தெரியும். முறிந்த போல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள் தம்பிமாரே. சந்தேகம் என்றால் நிறுத்துங்கள். தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கமில்லை.